மருந்தின் இருப்பிடம் கண்ட மருத்துவர்

பிறந்த ஊரை விட்டுப் பல நூறு மைல் கடந்து வந்து குடியிருக்கும் நம் தமிழ்க் குடும்பங்கள் ஊர் வழக்கங்களுள் சிலவற்றை இழந்திருக்கின்றன; சிலவற்றைக் கண்ணெனப் போற்றி வருகின்றன. போற்றி வருபவற்றுள் ஒன்று வீட்டு வாயிலில் வைத்திருக்கும் மூலிகைத் தொட்டி. நம் காலனியில் துளசி மாடமோ, கற்பூரவல்லித் தொட்டியோ, கறிவேப்பிலைக் கன்றோ இல்லாத தமிழர் இல்லம் அரிது. குழந்தைக்குச் சளி பிடித்தால் கற்பூரவல்லி இலையை அனலில் வாட்டிப் பிழிகிறோம். துளசியைக் கசக்கி முகர்கிறோம். சோற்றுக் கற்றாழையின் தோலைச் சீவி, மஞ்சள் நீரை வடியவிட்டு, உள்ளே இருக்கும் சோற்றை மட்டும் எடுத்துக் கழுவிக்கொள்கிறோம். ஒன்றைக் கசக்குவதும் ஒன்றை வாட்டுவதும் ஒன்றைச் சீவிக் கழுவுவதும் எதனால் என்று நாம் கேட்பதில்லை. பாட்டி செய்தார், அன்னை செய்தார், நாமும் செய்கிறோம்.

அக்கேள்விக்கு விடை இலைக்குள்ளேயே இருக்கிறது. எல்லாச் செடிகளும் தம் மருந்துப் பொருளை இலையின் ஒரே இடத்தில் சேர்த்து வைப்பதில்லை. துளசி, கற்பூரவல்லி, நொச்சி ஆகியவை நறுமண எண்ணெயை இலையின் மேற்புறத்தில் உள்ள நுண்ணிய சுரப்பி மயிர்களில் வைத்திருக்கின்றன. விரல் பட்டதுமே அவை உடைந்து மணம் வீசுகின்றன. கறிவேப்பிலை, எலுமிச்சை, நாரத்தை, வில்வம் ஆகியவற்றின் எண்ணெய் இலையின் உள்ளே சிறு குழிகளில் தங்கியிருக்கிறது. அவ்விலையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் ஊசி குத்தியவை போன்ற ஒளிப் புள்ளிகள் தென்படும். நீலகிரித் தைலம் தரும் யூகலிப்டஸும் இவ்வினத்ததே. சோற்றுக் கற்றாழையில், பேதியை உண்டாக்கும் கசப்புச் சாறு தோலுக்குச் சற்றுக் கீழே, நரம்புகளை ஒட்டிய அறைகளில் இருக்கிறது. நடுவில் உள்ள சோற்றில் அந்தக் கசப்பு இல்லை.

நான்காவது வகை ஒன்று உண்டு. அவ்வகை இலையில் புள்ளியும் இல்லை, நறுமணமும் இல்லை. இலையின் பசுஞ்சதையில் உள்ள சாதாரண உயிரணுக்களின் சாற்றுப் பைகளிலேயே மருந்து கரைந்து கிடக்கும். கண்ணாலும் மூக்காலும் அதனைக் கண்டறிய முடியாது. நாவுக்குக் கசப்பு ஒன்றே அடையாளம். இத்தகைய இலையைக் கையாள்வது அரிது; அது நஞ்சாகவும் இருந்துவிட்டால் மிக மிக அரிது. அப்படிப்பட்ட ஓர் இலையில் எப்பகுதியை, எப்பருவத்தில் எடுத்து, எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதைப் பத்தாண்டு உழைப்பினால் வரையறுத்துக் காட்டிய ஒரு பெரியாரின் வாழ்க்கையை இம்மலரில் நம் குடும்பத்தார்க்குச் சொல்ல விரும்புகிறோம். அவர் பெயர் வில்லியம் விதரிங்.

பிறப்பும் கல்வியும்

இங்கிலாந்தின் மேற்குப் பகுதியில், வேல்ஸ் நாட்டு எல்லையை அடுத்து ஷ்ராப்ஷயர் என்னும் மாவட்டம் உள்ளது. அங்கே வெல்லிங்டன் என்னும் சிற்றூரில் 1741-ஆம் ஆண்டு விதரிங் பிறந்தார். தந்தையார் எட்மண்ட் மருந்து கலந்து கொடுக்கும் தொழிலினர். தாய்வழி மாமன் ஒருவரும் மருத்துவர். ஆதலால் உரலும் குழவியும் மருந்துப் புட்டிகளும் பிள்ளைப் பருவத்திலேயே அவருக்குப் பழக்கமாயின.

1762-இல் மருத்துவம் பயில ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகருக்குச் சென்றார். அந்நாளில் மருத்துவ மாணவர் அனைவரும் தாவரவியல் பயில வேண்டும். மருந்துகளில் பெரும்பாலானவை செடிகொடிகளிலிருந்தே வந்தமையால் அது இன்றியமையாததாயிற்று. செடி சேகரிப்பில் சிறந்து விளங்கும் மாணவருக்குப் பேராசிரியர் தங்கப் பதக்கமும் அறிவித்திருந்தார். விதரிங்குக்கோ அப்பாடம் வேம்பாய்க் கசந்தது. அந்தப் பதக்கம்கூடத் தம் வெறுப்பைப் போக்காது என்ற கருத்துப்படத் தம் பெற்றோருக்கு அவர் கடிதம் எழுதினார். பிற்காலத்தில் இங்கிலாந்தின் தலைசிறந்த தாவரவியலாருள் ஒருவராக விளங்கியவர் இளமையில் அவ்வாறு எழுதினார் என்பது, பாடம் கசக்கிறது என்று முகம் சுளிக்கும் நம் பிள்ளைகளுக்கு ஆறுதல் தரலாம். 1766-இல் பட்டம் பெற்று ஊர் திரும்பினார்.

மலர் தேடி மலர்ந்த அன்பு

மறு ஆண்டு ஸ்டாஃபோர்டு என்னும் ஊரில் மருத்துவத் தொழிலைத் தொடங்கினார். அங்கே அவரிடம் சிகிச்சை பெற வந்தவருள் ஹெலினா குக்ஸ் என்னும் நங்கை ஒருவர். அவர் மலர்களை வண்ணம் தீட்டுவதில் வல்லவர். நோயிலிருந்து மெல்லத் தேறிவந்த நாள்களில் அவருக்கு வரைவதற்குப் புதுப்புது மலர்கள் வேண்டியிருந்தன. நோயாளிகளைக் காணக் கிராமந்தோறும் குதிரையில் சென்று திரும்பிய இளம் மருத்துவர், வழியில் கண்ட மலர்களையெல்லாம் பறித்து வந்து அவரிடம் கொடுத்தார். பறித்த மலரின் பெயரை அறிய வேண்டும். இனத்தை அறிய வேண்டும். ஒன்றுக்கொன்று உள்ள வேற்றுமையை அறிய வேண்டும். தங்கப் பதக்கத்தால் ஆகாத காரியம் அன்பினால் ஆயிற்று. 1772-இல் இருவரும் மணம் செய்துகொண்டனர்.

நான்கு ஆண்டுகளுக்குப்பின், 1776-இல், பிரிட்டனில் இயற்கையாய் விளையும் செடிகொடிகள் அனைத்தையும் வகைப்படுத்தும் பெருநூல் ஒன்றை விதரிங் வெளியிட்டார். சுவீடன் நாட்டுப் பேரறிஞர் லின்னேயஸ் வகுத்த முறையைத் தழுவி ஆங்கிலத்தில் எழுந்த முன்னோடி நூல்களுள் அது சிறந்தது. லத்தீன் அறியாதாரும், பெண்டிரும், இளையோரும் படிக்கும்படி அதனை எழுதினார். வயல்வெளிக்கு எடுத்துச் செல்லத்தக்க சிறு உருப்பெருக்கி ஒன்றையும் தாமே அமைத்து அந்நூலில் விளக்கினார். இலையை உற்று நோக்கும் பழக்கம் இவ்வாறு அவருக்குக் கைவந்தது. ஆனால் உயிரணுவின் சாற்றுப் பையைக் காட்டும் ஆற்றல் அக்கருவிக்கு இல்லை. இலைக்குள் இருப்பதை அவர் வேறு வழியிற்றான் அறிய வேண்டியிருந்தது.

பர்மிங்காம் வாழ்வு

1775-ஆம் ஆண்டு பர்மிங்காமில் இருந்த புகழ்பெற்ற மருத்துவர் ஒருவர் காலமானார். அவ்விடத்துக்கு வருமாறு விதரிங்குக்கு யோசனை கூறியவர் எராஸ்மஸ் டார்வின். இவரும் மருத்துவர், கவிஞர், பின்னாளில் உலகப் புகழ் எய்திய சார்லஸ் டார்வினின் பாட்டனார். விதரிங் பர்மிங்காமுக்குக் குடிபெயர்ந்தார். தொழிற்சாலைகள் பெருகிவந்த அந்நகரில் அவருடைய புகழும் வருவாயும் விரைவில் வளர்ந்தன.

அங்கே அறிஞர் கூட்டம் ஒன்று இருந்தது. நீராவிப் பொறியைச் செம்மை செய்த ஜேம்ஸ் வாட், தொழிலதிபர் மாத்யூ போல்டன், வேதியியலார் ஜோசப் பிரீஸ்ட்லி, மட்பாண்டக் கலைஞர் வெட்ஜ்வுட் ஆகியோர் அதில் உறுப்பினர். முழுமதியை ஒட்டிய நாளில் கூடி, நிலவொளியிலேயே வீடு திரும்புவர். அதனால் அதற்குச் சந்திரக் கழகம் என்று பெயர். விதரிங்கும் அக்கழகத்திற் சேர்ந்தார். பேரியம் கார்பனேட் என்னும் கனிமத்தை அவர் ஆராய்ந்து கூறியமையால் அது இன்றளவும் அவர் பெயரால் விதரைட் என்றே வழங்குகிறது.

இவ்வளவு பணிக்கிடையே ஏழைகளையும் அவர் மறக்கவில்லை. நாள்தோறும் ஒரு குறித்த நேரத்தில் வறியோர்க்குக் கட்டணமின்றி மருத்துவம் பார்த்தார். ஆண்டுக்கு இரண்டாயிரம் முதல் மூவாயிரம் ஏழைகள் வரை அவரிடம் வந்து சென்றனர்.

மூதாட்டியின் கஷாயம்

அந்நாளில் மக்களை வாட்டிய கொடிய நோய்களுள் ஒன்று உடலில் நீர் கட்டுவது. கால் வீங்கும், வயிறு பெருக்கும், மார்பில் நீர் சேர்ந்து மூச்சுத் திணறும், படுக்க இயலாது உட்கார்ந்தபடியே இரவைக் கழிக்க நேரும். பெரும்பாலும் இதயம் தளர்வதால் வரும் விளைவு இது என்பதை அன்றைய மருத்துவர் தெளிவாக உணரவில்லை.

1775-இல், ஷ்ராப்ஷயரில் இருந்த ஒரு மூதாட்டி வழிவழியாய்ப் போற்றி மறைத்து வைத்திருந்த கஷாயம் ஒன்றைப் பற்றி விதரிங்கிடம் கருத்துக் கேட்டனர். பட்டம் பெற்ற மருத்துவர்கள் கைவிட்ட சில நோயாளிகளையும் அம்மூதாட்டி குணப்படுத்தியிருந்தார். கஷாயத்தைக் குடித்தவர் கடுமையாக வாந்தி எடுப்பர், வயிறு கழியும், பின்னர் நீர் வடிந்து வீக்கம் தணியும். அக்கஷாயத்தில் இருபதுக்கும் மேற்பட்ட மூலிகைகள் இருந்தன. செடிகளை நன்கறிந்த விதரிங்குக்கு, அவற்றுள் வேலை செய்வது ஒன்றே என்பது விளங்கிற்று. அதுவே டிஜிடாலிஸ்.

ஆங்கிலேயர் அதனை நரியின் கையுறை என்று பொருள்படும் ஃபாக்ஸ்குளோவ் என்னும் பெயரால் அழைப்பர். விரலை நுழைக்கத்தக்க குழல் வடிவில் ஊதா நிற மலர்கள் வரிசையாய்த் தொங்கும். விரலுறை என்னும் ஜெர்மானியப் பெயரை ஒட்டி 1542-இல் ஃபூக்ஸ் என்னும் அறிஞர் டிஜிடாலிஸ் என்று லத்தீனில் பெயரிட்டார். முதலாண்டில் இலைக்கொத்து மட்டும் தரையை ஒட்டி விரியும். இரண்டாம் ஆண்டில் தண்டெழுந்து பூக்கும். விதை விட்டபின் பெரும்பாலும் மடிந்துவிடும்.

அந்த மூதாட்டியின் பெயரை விதரிங் தம் நூலில் குறிக்கவில்லை. பின்னாளில் அவருக்குச் சூட்டப்பெற்ற பெயரும் வரையப்பெற்ற படமும் இருபதாம் நூற்றாண்டு விளம்பரக்காரரின் கற்பனையே. பெயர் தெரியாத அந்தக் கிராமத்துப் பெண்மணியிடமிருந்தே இம்மருந்தின் வரலாறு தொடங்குகிறது என்பதை மட்டும் விதரிங் மறைக்காமல் எழுதிவைத்தார். கற்றவர் பலர் செய்யத் துணியாத நேர்மை அது.

இலையைத் தேர்ந்த முறை

மூதாட்டியிடம் மருந்து இருந்தது, அளவு இல்லை. அளவு இல்லாத மருந்து எத்தகையது என்பதை விதரிங் நேரிற் கண்டார். ஊர் ஊராய்ச் சென்று வாணிகம் செய்த யார்க்ஷயர்க்காரர் ஒருவரைப் பார்க்க அவரை அழைத்திருந்தனர். நோயாளி ஓயாது வாந்தி எடுத்தார், கண் மங்கிற்று, நாடி நிமிடத்துக்கு நாற்பதாய்க் குறைந்திருந்தது. விசாரித்ததில் உண்மை வெளிவந்தது. கணவரின் இரைப்பு நோய் தீர வேண்டுமென்று மனைவி ஒரு கைப்பிடி நிறையப் பச்சை டிஜிடாலிஸ் இலைகளைச் சிறிது நீரில் வேகவைத்துக் கொடுத்திருந்தார். அவரும் அதனை ஒரே மூச்சில் குடித்துவிட்டார். நல்லவேளையாக உயிர் தப்பினார். அன்பு மிக்க அந்த மனைவிக்குத் தம் நாட்டு மருந்து தெரிந்திருந்தது. அதன் அளவு தெரியவில்லை.

விதரிங்கும் தொடக்கத்தில் தவறு செய்தார். மிகுதியாகக் கொடுத்தார்; நெடுநாள் தொடர்ந்து கொடுத்தார். வாந்தி எடுத்தால்தான் நீர் பிரியும் என்று முதலில் கருதினார். வாந்தியே இல்லாமலும் நீர் பிரிகிறது, சொல்லப்போனால் அப்போதுதான் நன்கு பிரிகிறது என்பதை அனுபவம் அவருக்குக் கற்பித்தது. ஆகவே அளவைக் குறைத்தார். ஆனால் அளவைக் குறிப்பது எப்படி? ஒரே எடையுள்ள இலை ஒரு மாதத்தில் மெல்ல வேலை செய்தது. மற்றொரு மாதத்தில் நோயாளியைப் படுக்கையிற் கிடத்தியது.

இங்கேதான் தாவரவியலார் விதரிங், மருத்துவர் விதரிங்குக்குத் துணை வந்தார். செடியின் எந்தப் பகுதியை எடுப்பது என்று முதலில் ஆராய்ந்தார். ஆக்ஸ்ஃபோர்டில் கல்லூரித் தலைவர் ஒருவர் இச்செடியின் வேரால் குணமடைந்த செய்தி அவர் காதுக்கு எட்டியிருந்தது. எனினும் இரண்டாண்டே வாழும் செடியின் வேர் பருவத்துக்குப் பருவம் மாறும் என்பதால் வேரை விட்டு இலையைக் கொண்டார். இலையும் பருவத்துக்கேற்ப மாறுவதைக் கண்டார். ஆதலின் இரண்டாம் ஆண்டில் பூக்கும் தறுவாயில் மட்டுமே இலையைப் பறிக்க வேண்டும் என விதித்தார். ஒவ்வோராண்டும் ஒரே நிலையில் பறித்தால் மருந்தின் வலிமையும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும் அல்லவா?

அடுத்து, இலை முழுவதையும் அவர் எடுக்கவில்லை. காம்பையும் நடு நரம்பையும் களைந்துவிட்டார். பரந்த பசும்பகுதியை மட்டும் வைத்துக்கொண்டார். நம் தாய்மார் கீரை ஆயும்போது தண்டை நீக்குவது போன்ற செயல் இது. ஆனால் நோக்கம் வேறு. நரம்பும் காம்பும் எடையைக் கூட்டுமேயன்றி மருந்தைக் கூட்டா. அவை கலந்திருந்தால் தராசு பொய் சொல்லும்.

பின்னர், கொதிக்க வைத்துக் கஷாயம் போடுவதை நிறுத்தினார். நெடுநேரம் கொதித்தால் வலிமை குன்றலாம் என்றும், காய்ச்சுபவர் கைக்கேற்ப அளவு மாறும் என்றும் கருதினார். வெந்நீரில் ஊறவைத்து இறுக்கும் முறைக்கு முதலில் மாறினார். பிறகு இலையை வெயிலிலோ, நெருப்பின் முன்னே தகரத் தட்டிலோ காயவைத்துப் பொடித்தார். அழகிய பச்சைப் பொடி கிடைத்தது. அதன் எடை பச்சை இலையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. அப்பொடியில் ஒன்று முதல் மூன்று கிரெயின், அதாவது இன்றைய கணக்கில் சுமார் 65 முதல் 195 மில்லிகிராம், நாளைக்கு இருவேளை. ஒரு சிட்டிகை என்று நாம் சொல்வதற்கும் குறைந்த அளவு!

அதனினும் பெரிது அவர் வகுத்த நிறுத்தும் விதி. சிறுநீர் பெருகினாலும், வயிறு குமட்டினாலும், நாடி தளர்ந்தாலும், வயிறு கழிந்தாலும், இந்நான்கில் எது முதலில் தோன்றினாலும் அக்கணமே மருந்தை நிறுத்திவிட வேண்டும். எவ்வளவு கொடுப்பது என்று சொன்ன மருத்துவர் பலர். எங்கே நிறுத்துவது என்று சொன்னதில்தான் விதரிங்கின் பெருமை விளங்குகிறது.

மறைக்காத கணக்கு

1785-இல் பர்மிங்காமில் அவருடைய டிஜிடாலிஸ் நூல் வெளிவந்தது. 1775 முதல் பத்தாண்டுகளில் அவர் அம்மருந்து கொடுத்த ஏறத்தாழ 160 நோயாளிகளின் வரலாறு ஆண்டு வரிசையில் அதில் இடம்பெற்றது. குணமானவர் உண்டு, குணமாகாதவர் உண்டு, இறந்தவரும் உண்டு. தமக்குப் புகழ் தரும் வரலாறுகளை மட்டும் பொறுக்கியிருந்தால் நூல் இன்னும் ஒளி பெற்றிருக்கும். அவர் அவ்வாறு செய்யவில்லை. தகுந்ததோ தகாததோ, வென்றதோ தோற்றதோ, அனைத்தையும் எழுதினார். இம்மருந்துக்கு இதயத்தின் இயக்கத்தின்மீது வேறெந்த மருந்துக்கும் இல்லாத ஆற்றல் உண்டு என்பதையும் அதிற் குறித்தார். இதய நோயைப் பற்றித் தெளிவு பிறவாத காலத்தில் அது நுட்பமான நோக்கு.

நூல் எழுதத் தூண்டியது அச்சமே. 1783-இல் எடின்பரோவின் மருந்து நூலில் டிஜிடாலிஸ் இடம்பெற்றது. பலர் அதனைக் கையாளத் தொடங்கினர். அளவறியாது கொடுத்தால் மக்கள் மடிவர். அல்லது அஞ்சி ஒதுக்கினால் நல்ல மருந்து ஒன்று மறைந்துபோகும். இவ்விரண்டு கேட்டையும் தடுக்கவே எழுதுகோலை எடுத்தார்.

நண்பரால் நேர்ந்த மனத்தாங்கல்

இவ்வேளையில் அவருக்கு ஒரு துன்பம் நேர்ந்தது. 1776-இல் நீர்வீக்கத்தால் வருந்திய ஒரு பெண்மணியை விதரிங்கும் எராஸ்மஸ் டார்வினும் சேர்ந்து பார்த்தனர். டிஜிடாலிஸ் கொடுக்கலாம் என்றவர் விதரிங். பின்னர், 1778-இல் இளமையிலேயே இறந்த தம் மகனின் ஆய்வுரையை 1780-இல் வெளியிட்ட டார்வின், அதன் இறுதியில் டிஜிடாலிஸ் மருத்துவம் பற்றியும் சேர்த்தார். விதரிங்கின் பெயரைக் குறிக்கவில்லை. 1785-இல் டார்வின் மீண்டும் தம் பெயரால் ஒரு கட்டுரை வெளியிட்டார். தமக்கு வழிகாட்டிய மூத்த நண்பரே இவ்வாறு செய்தது விதரிங்கின் உள்ளத்தைப் புண்படுத்தியது. இருவருக்கும் இடையே ஏற்பட்ட விரிசல் பின்னர் மூடவில்லை. விதரிங்கும் எளிதிற் பழகும் இயல்பினர் அல்லர் என்று வரலாற்றாசிரியர் கூறுவர். இருவரும் மனிதரே. ஆயினும் காலம் தீர்ப்புக் கூறிவிட்டது: டிஜிடாலிஸ் என்றதும் உலகம் விதரிங்கையே நினைக்கிறது, காரணம் அவர் வைத்த கணக்கு.

கலகமும் நோயும்

1785-இல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக ஏற்றது. மறு ஆண்டு நகர்ப்புறத்தில் எட்ஜ்பாஸ்டன் மாளிகையில் குடியேறினார். ஆனால் அமைதி நீடிக்கவில்லை. பிரெஞ்சுப் புரட்சியை ஆதரித்தோர்மீது சினம் கொண்ட கும்பல் 1791 ஜூலையில் பர்மிங்காமில் பெருங்கலகம் விளைத்தது. பிரீஸ்ட்லியின் வீடும் ஆய்வுக்கூடமும் தீக்கிரையாயின. விதரிங்கின் மாளிகையையும் கும்பல் தாக்கியது. நூல்களையும் உடைமைகளையும் காக்க அவர் அரும்பாடுபட்டார். படைவீரர் வந்து சேர்ந்ததால் மாளிகை தப்பிற்று.

கலகத்தினும் கொடிய பகை அவர் மார்புக்குள்ளேயே இருந்தது. சயரோகம் அவரைப் பற்றியிருந்தது. குளிர்காலத்தைக் கழிக்க 1792-இலும் 1793-இலும் போர்ச்சுகலின் தலைநகரான லிஸ்பனுக்குச் சென்றார். அங்கும் ஓய்ந்திருக்கவில்லை, அந்நாட்டு வெந்நீரூற்று ஒன்றின் நீரை ஆராய்ந்து எழுதினார். பிறர் இதயத்துக்கு மருந்து கண்டவருக்குத் தம் நுரையீரலுக்கு மருந்து கிட்டவில்லை. சயரோகத்துக்கும் டிஜிடாலிஸ் நல்லதென்று அக்காலத்தில் சிலர் கூறினர். அவ்விலைக்கு அந்நோயைத் தீர்க்கும் ஆற்றல் இல்லை என்பதைப் பிற்காலம் உறுதிப்படுத்தியது. 1799 அக்டோபர் 6-ஆம் நாள், தம் 58-ஆம் வயதில், விதரிங் காலமானார். எட்ஜ்பாஸ்டன் பழைய தேவாலயத்தில் அவர் நினைவுக்கல் உள்ளது. அதில் டிஜிடாலிஸ் செதுக்கப்பெற்றிருக்கிறது.

பின்வந்தோர் கண்டவை

விதரிங் கண்ணால் காணாததைப் பின்வந்தோர் கருவியால் கண்டனர். 1868-ஐ ஒட்டிப் பிரான்சின் நட்டிவெல் என்பவர் இவ்விலையிலிருந்து மருந்தைப் படிகமாகப் பிரித்தார். 1930-இல் சிட்னி ஸ்மித் என்னும் ஆங்கில வேதியியலார் இதன் உறவுச் செடியான கம்பளி டிஜிடாலிஸின் இலையிலிருந்து டிஜாக்சினைப் பிரித்தார். இன்றும் டிஜாக்சின் இலையிலிருந்தே எடுக்கப்படுகிறது.

அம்மருந்து எங்கே தங்கியிருக்கிறது என்பதும் விளங்கிற்று. இலைச் சதையின் உயிரணுக்களில் உள்ள சாற்றுப் பைகளில் அது சர்க்கரையோடு பிணைந்து நிற்கிறது. அச்சர்க்கரையை வெட்டும் நொதி அதே இலையில் வேறிடத்தில் ஒதுங்கியிருக்கிறது. இலை கசங்கினாலோ, ஈரத்தோடு மெல்ல உலர்ந்தாலோ இரண்டும் கலந்து மருந்து உருமாறுகிறது. ஆதலாற்றான் பறித்தவுடனே 60 டிகிரி செல்சியஸுக்கு மேற்படாத வெப்பத்தில் விரைந்து உலர்த்த வேண்டும் என்று பிற்கால மருந்து நூல்கள் விதித்தன. உயிரணுவையும் நொதியையும் அறியாத விதரிங், வெயிலிலும் நெருப்பின் முன்னும் இலையை உலர்த்தியது எத்துணைப் பொருத்தம்! காம்பை நீக்கிப் பசும்பகுதியைக் கொண்டதும் அத்தகையதே.

இரத்தச் சிவப்பணுக்களில் சோடியத்தை வெளியேற்றும் இயக்கத்தை இம்மருந்து தடுக்கிறது என்பதை 1953-இல் ஷாட்ஸ்மன் காட்டினார். 1997-இல் வெளியான பெரும் ஆய்வொன்று, டிஜாக்சின் இதயத் தளர்ச்சி உள்ளோரின் ஆயுளை நீட்டுவதில்லை எனினும் மருத்துவமனையிற் சேர வேண்டிய நிலையைக் குறைக்கிறது என்று கண்டது. முன்போல் அது முதல் மருந்தன்று. எனினும் தேர்ந்த மருத்துவர், தக்க நோயாளிக்கு, மிகச் சிறிய அளவில் இன்றும் தருகின்றனர்.

நம் வீட்டு வாயிலில்

டிஜிடாலிஸ் நம் காலனியில் இல்லை. ஆனால் அதன் நஞ்சுக்கு உறவான நஞ்சு நம் கண்ணெதிரே நிற்கிறது. கோயிலுக்குப் பூக்கொடுக்கும் அரளியும், வேலியோரத்து மஞ்சள் அரளியும் இதயத்தைத் தாக்கும் அதே வகைப் பொருளை இலையிலும் விதையிலும் தாங்கியவை. மஞ்சள் அரளி விதை உண்டோரை டிஜாக்சின் நஞ்சு முறிக்கும் எதிர்ப்பொருளால் காக்க முடியும் என்று இலங்கையில் நடந்து 2000-இல் வெளிவந்த ஆய்வு மெய்ப்பித்தது. விதரிங்கின் இலையும் நம் அரளியும் ஒரே குணத்தன என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ? பூஜைக்குப் பூப்பறிக்கும் சிறுவர் அவ்விலையையும் விதையையும் வாயில் வைக்காமல் காப்பது பெரியோர் கடமை.

துளசியும் கற்பூரவல்லியும் நம்மோடு வாழட்டும். பாட்டியின் கைப்பக்குவத்தை நாம் எள்ளி ஒதுக்க வேண்டா. விதரிங்கும் ஒரு மூதாட்டியின் கஷாயத்தை எள்ளவில்லை. ஆனால் அவர் அத்துடன் நிற்கவுமில்லை. இலையின் எப்பகுதி, எப்பருவம், எவ்வளவு, எங்கே நிறுத்துவது என்று நான்கு கேள்விகளைக் கேட்டார். கிடைத்த விடையைத் தம் தோல்விகளோடு சேர்த்து எழுதினார். இதய நோய்க்கு மருத்துவர் தந்த மாத்திரையை உண்ணும் முதியோர் நம்மிடையே பலர் உளர். ஊரிலிருந்து ஒருவர் சொன்னார் என்று அவர்களுக்கு ஒரு கைப்பிடி இலையைக் காய்ச்சிக் கொடுக்க நம்முள் யாரேனும் அடுப்பை மூட்டும் வேளையில், யார்க்ஷயர்க்காரரின் மனைவியை ஒரு கணம் நினைத்துக்கொண்டு, முதலில் மருத்துவரைக் கேட்பது நலம். அன்பு அவரிடமும் குறைவின்றி இருந்தது, குறைந்தது அளவே.